குருவிக்கரட்டுக்கு ஒரு மனு

தம்பி, ஒரு நிமிசம். சைக்கிளை இறக்காதீங்க, காரு மேலயே இருக்கட்டும். உள்ள விட மாட்டோம். நான் விட மாட்டேன்னு இல்ல, சங்கத்து ரூலு அப்படி. அந்தா பாருங்க, பச்சை போர்டு. "சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. குருவிக்கரடு நடைப்பயிற்சியாளர் நலச் சங்கம்." கீழ மூணு பேரு எழுதியிருக்கில்ல, தலைவர், செயலாளர், துணைத் தலைவர். அந்த மூணாவது பேரு நான்தான். அர்த்தநாரி.

கோவிச்சுக்காதீங்க. வாங்க, டீ சாப்பிடலாம். அம்மிணி, ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம. நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க, நான் நின்னுக்கறேன். உக்காந்தா எனக்கு ஆகாது, கால் தானா ஆட ஆரம்பிச்சிரும். எங்கிருந்து வர்றீங்க? ஈரோடா. அவ்வளவு தூரம் சைக்கிளைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, பாவமா இருக்கு. நல்ல வண்டி. டயர்ல காத்துதான் ஜாஸ்தி. கல்லு மேல ஓட்டுறதுக்கு இவ்வளவு இருக்கக் கூடாது. இருங்க, கொஞ்சம் இறக்கி விடறேன். எப்படியும் இங்க ஓட்டப் போறதில்ல, இருந்தாலும் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

என்ன பாக்கறீங்க? சைக்கிளைத் தடுக்கிறவனுக்கு சைக்கிளைப் பத்தி எப்படித் தெரியும்னா? தம்பி, இந்தக் கரட்டு மேல மவுண்டன் பைக்குக்குத் தடம் போட்டதே நான்தான். ரெண்டரை கிலோமீட்டர், பதினோரு வளைவு. பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிசத்துல இப்படி ஒரு தடம் எந்த ஊர்ல இருக்கு சொல்லுங்க. பெங்களூர்ல இருந்தெல்லாம் வந்து ஓட்டிட்டுப் போயிருக்காங்க.

நான் போட்டதுன்னா, எஸ்தர் எங்க வெட்டணும்னு சொல்லும், நான் வெட்டுவேன். வெட்டுனவன்தானே போட்டவன்?

எஸ்தர் யாருன்னு கேக்கறீங்களா? கேக்கலயா? சரி, சொல்றேன். எனக்கு மோட்டாருக்கு காயில் கட்டுற கடை. நாள் பூரா ஒரே இடத்துல உக்காந்து தாமிரக் கம்பியைச் சுத்தணும். ஆறு வருசத்துக்கு முன்னாடி சுகர்னு சொல்லிட்டாங்க. நடங்கன்னாங்க. நடக்கறதுக்குப் பொறுமை இல்ல, ஒரு பழைய கியர் சைக்கிளை வாங்கினேன். ஒரு நாள் காலையில இந்தக் கரட்டு மேல ஆட்டுத்தடத்துல தள்ளிக்கிட்டுப் போறேன், ஒரு பொண்ணு தனியா உக்காந்து களைக்கொத்தால மண்ணைச் சுரண்டிக்கிட்டு இருக்கு. பக்கத்துல சைக்கிள் சாஞ்சு கிடக்கு. மூலிகை தேடுதாக்கும்னு நினைச்சேன். பாத்தா, ஒரு பாட்டில் தண்ணியை சரிவுல ஊத்திட்டு அது எங்க ஓடுதுன்னு கன்னத்துல கை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. அதான் எஸ்தர். ஆஸ்பத்திரியில நர்ஸு. நைட் டூட்டி முடிச்சுட்டு நேரா இங்க வந்திரும்.

"என்னம்மா பண்றே?"ன்னேன். "தண்ணிக்கு வழி பாக்கறேன் அண்ணா"ன்னுச்சு. தடம்னா வெறும் வழி இல்லியாம். வெளிப்பக்கம் லேசா சாய்ச்சு வெட்டணுமாம். மழைத் தண்ணி தடத்தைக் குறுக்கே தாண்டிப் போயிரணும், தடத்தோடயே இறங்கக் கூடாது. இறங்குச்சுன்னா ஒரே மழையில வாய்க்காலாயிரும். அது சொல்லச் சொல்ல எனக்குக் கை பரபரன்னுச்சு. மறுநாளே கடப்பாரை, பிக்காசி, மண்வெட்டி எல்லாம் தூக்கிட்டு வந்துட்டேன்.

ரெண்டு வருசம் தம்பி. ஞாயித்துக்கிழமை ஆனா சீமைக்கருவேல முள்ளு வெட்டுறதும் கல்லு உருட்டுறதும்தான். அப்புறம் ஆள் சேர்ந்தாங்க. மொத்தம் ஏழு பேரு. மழை பெஞ்சா ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் ஓட்டக் கூடாது, ஈர மண்ணுல டயர் தடம் விழுந்தா அது அப்படியே காஞ்சு பள்ளமாயிரும்னு எஸ்தர் சொல்லிரும். நான் ஒரு தடவை தெரியாம ஓட்டிட்டேன். அந்த வாரம் பூரா என்கிட்டப் பேசல. அவ்வளவு ஸ்ட்ரிக்டு.

எஸ்தருக்கு இந்தக் கரடுன்னா உசுரு. ஒரு நாள் சொல்லுச்சு, "அண்ணா, வார்டுல எல்லாரும் கூப்பிடுவாங்க, வீட்டுல எல்லாரும் கூப்பிடுவாங்க. இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க"ன்னு. நான்தான் கூப்பிடறேனேன்னேன். சிரிச்சுச்சு.

டீ ஆறுது, குடிங்க. என்ன, நேரமாச்சா? எங்க போகப் போறீங்க? இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. பழைய வீடியோ எதையோ பாத்துட்டு வந்திடறாங்க. போன வாரம் ரெண்டு பேரு, காரு மேல சைக்கிள் இருக்கு, கேட்டா "சும்மா நடக்க வந்தோம்"ங்கறாங்க. நடக்கறதுக்கு ஹெல்மெட் எதுக்கு? என்னமோ, விசித்திரமான ஆளுங்க.

எங்க விட்டேன்? ஆங், இடிபாடு கொட்டுன கதையைச் சொல்லணும். நல்லாப் போயிக்கிட்டு இருந்தப்பத்தான் டிராக்டர்காரங்க வர ஆரம்பிச்சாங்க. ஊர்ல எந்த வீட்டை இடிச்சாலும் கொண்டாந்து இங்கதான் கொட்டுறது. சிமெண்டு, செங்கல்லு, உடைஞ்ச டைல்ஸு. மூணாவது வளைவுல ஒரு நாள் முழு கக்கூஸ் பேசினு நிக்குது, யாரோ உக்காரப் போற மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எஸ்தர் என்ன சொல்லுச்சுன்னா, "அண்ணா, கீழ வழியில நாலு பெரிய கல்லை உருட்டிப் போட்டுருவோம். டிராக்டர் ஏறாது. கொட்டுனதை நாமளே அள்ளிருவோம். யாருக்கும் தெரிய வேண்டாம்"னு.

யாருக்கும் தெரிய வேண்டாம்னா என்ன தம்பி அர்த்தம்? நாம என்ன திருடவா செய்யறோம்? நாளைக்கு எவனாவது வந்து வேலி போட்டுட்டா? எதையும் எழுத்துல வாங்கி வச்சுக்கணும். அது என் கட்சி. மனு எழுதினேன். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போயி வரிசையில நின்னு குடுத்தேன். அங்க உக்காந்திருந்தவரு படிச்சுட்டு, "எத்தனை பேரு ஓட்டறீங்க?"ன்னாரு. ஏழு பேருன்னேன். "ஏழு பேருக்கு ஒரு மலை வேணுமா?"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்டக் காட்டிச் சிரிச்சாரு. எனக்குப் பின்னாடி நின்ன ஒரு அம்மாகூட சிரிச்சுச்சு.

அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. ஏழு பேருன்னுதானே சிரிச்சே, எண்ணிக்கை நான் காட்டறேன்னு மறுநாள் காலையில இதோ இந்த இடத்துலதான், ஒரு மேஜையைப் போட்டு உக்காந்தேன். அப்பெல்லாம் நடக்கிறவங்க கீழ ரோட்டுலயே சுத்திட்டுப் போயிருவாங்க, மேல ஏற மாட்டாங்க. ஒவ்வொருத்தரா நிறுத்தி, "கரட்டு மேல நல்ல பாதை இருக்குங்க, காப்பாத்தணும், ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னேன். பத்தொன்பது நாளு. அறுநூத்திப் பன்னெண்டு கையெழுத்து. கடையை யாரு பாத்தா? கடை கிடந்துச்சு. சம்சாரம், "அந்தக் கரட்டையே கட்டிக்கிட்டு அழுங்க"ன்னா.

புது மனுவுல ஒரே ஒரு மாத்தம்தான் பண்ணேன். சைக்கிள்ங்கற வார்த்தையை எடுத்துட்டேன். சைக்கிள்னு போட்டா மறுபடி சிரிப்பாங்க. "பொதுமக்கள் நடைப்பயிற்சி, உடற்பயிற்சி செய்து வரும் பாதை"ன்னு போட்டேன். முதல்ல இடம் கைக்கு வரட்டும், சைக்கிளை அப்புறம் உள்ள நுழைச்சுக்கலாம். சரிதானே? எஸ்தர்கிட்டக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சுட்டு, "அண்ணா, இதுல நாம எங்க இருக்கோம்?"னு கேட்டுச்சு. "எல்லா வரியிலயும் இருக்கோம்மா"ன்னேன். பேனாவைத் திருப்பிக் குடுத்திருச்சு. அறுநூத்திப் பன்னெண்டு பேரு போட்டாங்க, அது மட்டும் கையெழுத்துப் போடல. அதை நான் இன்னிக்கும் மறக்கல தம்பி.

எட்டு மாசம் கழிச்சு நடைபாதை சாங்ஷன் ஆயிருச்சு. நம்ம மனுவுக்கு. சும்மா இல்ல. ஜீப்புல வந்தாங்க, டேப்பு பிடிச்சாங்க. வழி தெரியாம முள்ளுக்குள்ள நிக்கிறாங்க, நான்தான் முன்னாடி நடந்து ஒவ்வொரு வளைவாக் காட்டி, சுண்ணாம்புக் கோடும் போட்டுக் குடுத்தேன். ஒரு இடம் விடல. "நல்லா லெவல் பாத்துப் போட்டிருக்கே, யாரு போட்டது?"ன்னு இன்ஜினியர் கேட்டாரு. நான்தான்னேன்.

நாப்பது நாள்ல வேலை முடிஞ்சுச்சு. பேவர் பிளாக் கல்லு, ரெண்டு பக்கமும் கைப்பிடிக்குப் பைப்பு. செங்குத்தா இருந்த இடத்துல படி. நூத்தி நாப்பது படி. எஸ்தர் மூணு மாசமா இழைச்சு இழைச்சுப் போட்ட ஒரு வளைவு இருந்துச்சு, ஒன்பதாவது, அங்க சிமெண்டு பெஞ்சு. உக்காந்தா ஊரே தெரியும்.

தப்பு என்மேலன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் கேக்கறேன், இடிபாடு கொட்டுறது நின்னுச்சா இல்லியா? நின்னுச்சு. வேலி வந்துச்சா? வரல. திறப்பு விழாவுல என்னை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டாங்க. வேண்டாம்னா மரியாதையா இருக்குமா? சங்கம் ஆரம்பிச்சாங்க, செயலாளர் தில்லைநாயகம் சாரு, பத்திரப் பதிவுல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, "நீங்கதான் துணைத் தலைவரா இருக்கணும்"னாரு. நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்? உள்ள இருந்து நம்ம ஆளுங்களுக்காகப் பேச ஒருத்தன் வேணும்ல. வெளிய நின்னு கத்தி என்ன பிரயோஜனம்?

இருங்க, அந்த அம்மா செருப்பில்லாம ஏறுது. அம்மா, மேல கல்லு சுடும்மா, செருப்புப் போட்டுக்கிட்டுப் போங்க. கேக்காது. சொன்னா யாரு கேக்கறா.

அப்பவும் நம்ம ஏழு பேரும் வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. விடியக்காலம் நடக்கறவங்க வர்றதுக்குள்ள, படி இல்லாத பக்கமா ஓட்டுவாங்க. யாரும் தடுக்கல. அப்ப ஐப்பசி மழை வந்துச்சு. பேவர் போட்டவன் தண்ணிக்கு வழியே விடல தம்பி. மேல பெஞ்ச தண்ணி அத்தனையும் கல்லு மேலயே ஓடி, படியில அருவி மாதிரி இறங்குது. கல்லுக்கு அடியில மண்ணு கரையுது. இன்னும் ரெண்டு மழைன்னா மொத்தமும் கீழ வந்திரும். எனக்குப் படுத்தா தூக்கம் வரல. சங்கத்துல சொன்னேன். "எழுதிப் போடுவோம்"னாங்க. எழுதிப் போட்டா எப்ப வரும்?

அதனால நான் என்ன பண்ணேன்னா, ஒரு நாள் விடியறப்ப கடப்பாரையை எடுத்துட்டு வந்து நாலு இடத்துல குறுக்கால ஒரு வரிசைக் கல்லை மட்டும் பேத்து எடுத்துட்டேன். தண்ணி தாண்டிப் போற இடம் எனக்குத் தெரியுமே. அடுத்த மழையில பாக்கணும் நீங்க, தண்ணி அப்படியே குறுக்கால போயிருச்சு. ஒரு பொட்டு மண்ணு கரையல. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சந்தோசமா இருந்தேன்.

மூணாவது நாளு ஒரு அம்மா அந்தப் பள்ளத்துல கால் வச்சு சுளுக்கிருச்சு. உடனே அவசரக் கூட்டம். தில்லைநாயகம் சாரு எந்திரிச்சு, "இது அந்த கியர் சைக்கிள்காரங்க வேலை. அவங்க குதிச்சு விளையாடறதுக்குக் கல்லைப் பேத்திருக்காங்க. அந்த நர்ஸம்மாதான் இதுக்கெல்லாம் தலைவி"ன்னாரு. எல்லாரும் ஆமா ஆமாங்கறாங்க.

நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. நான்தான்னு சொல்லியிருக்கலாம். சொன்னா பதவியை விட்டு எடுத்திருப்பாங்க. எடுத்துட்டா, அப்புறம் சைக்கிள்காரங்களுக்காக உள்ள பேச யாரு இருக்கா? அதை யோசிச்சுத்தான் பேசாம இருந்தேன். சைக்கிளே வேண்டாம்னு எல்லாரும் கை தூக்கறாங்க, நான் மட்டும் தூக்காம இருந்தா சந்தேகம் வரும்ல, நானும் தூக்கினேன். போர்டு வச்சாங்க. பேத்த கல்லை மறுபடி பதிச்சாங்க. கேட்டுல முறை வச்சுக் காவல் போட்டாங்க. முதல் வாரம் என் முறை.

புதன்கிழமை காலையில எஸ்தர் வருது. டூட்டி முடிச்ச களைப்பு முகத்துல தெரியுது. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு. போர்டைப் படிச்சுச்சு. என்னைப் பாத்துச்சு. "அண்ணா, கல்லைப் பேத்தது யாருன்னு எனக்குத் தெரியும்"னுச்சு. நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டேன். "தண்ணி போற இடமாப் பாத்து எடுத்திருக்கு. அது இந்த ஊர்ல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எடுக்கல"ன்னுச்சு. கோவமாச் சொல்லல தம்பி. ரிப்போர்ட்டைப் படிக்கற மாதிரி சொல்லுச்சு. பின்னாடி தில்லைநாயகம் சாரு நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. நான் என்ன சொல்லட்டும்? "ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா"ன்னேன்.

சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு.

அது ஆச்சு, பத்து மாசம். போன் பண்ணா எடுக்கறதில்ல. எங்க ஏழு பேருக்கு வாட்சப்புல ஒரு குரூப் உண்டு, அதுல யாரும் ஒண்ணும் போடறதில்ல. நான்தான் காலையில வணக்கம் போடுவேன். ஞாயித்துக்கிழமை யாரு வீட்டுக்குப் போனாலும் ஆள் இல்லங்கறாங்க. ஓட்டறதையே விட்டுட்டாங்கன்னு நினைக்கறேன். இடம் இல்லாம எங்க ஓட்டுவாங்க? எஸ்தரும் விட்டிருக்கும். அதை நினைச்சாத்தான் எனக்குப் பொறுக்கல. அந்தப் பொண்ணு ஓட்டாம இருக்கவே முடியாது. நான் அடுத்த கூட்டத்துல பேசலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டுமாவது, ஒரு மணி நேரமாவது. பேசுவேன். போன கூட்டத்துலயே பேசியிருப்பேன், நேரம் இல்ல.

சரி, இவ்வளவு தூரம் வந்தீங்க, தடம் எப்படிப் போச்சுன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அந்தப் போனைக் குடுங்க, வரைபடத்துல காட்டறேன். குடுங்க தம்பி, நான் என்ன முழுங்கிடவா போறேன். எதுக்கு இந்தப் பிடி பிடிக்கறீங்க? இந்தா, மேப்பு எது? இது இல்ல, இது ஏதோ மெசேஜ். எஸ்தர்னு போட்டிருக்கு. எந்த எஸ்தர்?

இருங்க. கண்ணாடி போட்டுக்கறேன்.

"வடக்குப் பக்கம் கல்லுக்குட்டைக்கு வந்துட்டு கூப்பிடுங்க. ஏழு வளைவு முடிஞ்சிருக்கு, மிச்சம் வெட்டிக்கிட்டு இருக்கோம். மழை பெஞ்சிருந்தா ரெண்டு நாள் வராதீங்க. வீடியோ போடாதீங்க. முன்பக்கம் கேட் வழியா வந்துராதீங்க. தெரியாம வந்துட்டா அங்க அர்த்தநாரின்னு ஒருத்தர் இருப்பார். நல்ல மனுசன். டீ வாங்கிக் குடுப்பார், நல்லாப் பேசுவார். அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

ம்.

நல்ல மனுசன்னு போட்டிருக்கு, பாத்தீங்களா.

ஏழு வளைவா? பத்து மாசத்துல ஏழு வளைவு. வடக்குப் பக்கம் முழுக்கப் பாறையாச்சே. எத்தனை பேரு வெட்டறாங்க? எல்லாருமே வர்றாங்களா? ஞாயித்துக்கிழமையா? அதான் வீட்டுல ஆள் இல்லங்கறாங்க. ஓட்டறதை விடலியா அப்ப. நல்லது. ரொம்ப நல்லது தம்பி. நான் விட்டுட்டாங்கன்னுதான் நினைச்சேன்.

கொஞ்சம் தள்ளுங்க, உக்காந்துக்கறேன்.

கல்லுக்குட்டைக்குப் பின்னாடி இருக்கறது அத்தனையும் புறம்போக்கு, அது தெரியுமா எஸ்தருக்கு? சர்வே நம்பரே என்கிட்ட இருக்கு, மனுவுக்காக எடுத்தது. நாளைக்கு எவனாவது கை வச்சான்னா என்ன பண்ணுவாங்க? ஒரு பேப்பர் இல்ல, ஒரு ஆதாரம் இல்ல. இப்பவே யாராவது முறைப்படி போயி, ரெண்டே வரி, சைக்கிள்னே போட்டு…

இல்ல. இல்ல தம்பி, பயப்படாதீங்க. நான் எழுத மாட்டேன். அப்படிப் பாக்காதீங்க, எழுத மாட்டேன்.

இந்தாங்க போனு. கிளம்புங்க. இப்படியே போயி ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க, கல்லுக்குட்டை வந்திரும். ஏன் நேரமாச்சுன்னு கேட்டா, வழியில பஞ்சர்னு சொல்லுங்க. நான் எழுத மாட்டேன்னு சொன்னேன்னு எஸ்தர்கிட்ட… வேண்டாம். அதையும் சொல்லாதீங்க. என்னைப் பாத்ததாகவே சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா அந்த இடத்தை விட்டுட்டு வேற இடம் போயிரும் தம்பி. ஏழு வளைவையும் விட்டுட்டு, மறுபடி முதல்ல இருந்து வெட்டணும்.